மூன்று பெட்டி நீளம்

பலகை நாலடிக்கு ஒன்றேகால் அடி.
அதற்கு மேல் போனால் பீரோ திறக்காது என்று
சுவரில் சாக்பீஸால் கோடு கிழித்துவிட்டாள் மரகதவல்லி.
கோட்டுக்கு இந்தப் பக்கம் என் ரயில்வே,
அந்தப் பக்கம்
சென்னையில் யாரும் போடாத ஸ்வெட்டர்கள்.

வட்டப்பாதை வேண்டாமென்பது முதல் நாள் முடிவு.
சுற்றிச் சுற்றி வரும் ரயிலைப்
பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை,
ஓட்டுகிறவன் உட்பட.
எனக்கு வேண்டியது ஷண்டிங்.
இரண்டு பாயிண்ட், மூன்று கிளை.
ஒன்றில் ஐந்து பெட்டி நிற்கும்,
மற்ற இரண்டில் மும்மூன்று.
எட்டுப் பெட்டியையும் கலைத்துப்போட்டுச்
சீட்டில் வந்த வரிசைப்படி ஐந்தைக் கோக்கவேண்டும்.
பின்வாங்கும் தடத்தில் கொள்வது
எஞ்சினும் மூன்று பெட்டியும்தான்.
அந்த நெருக்கடிதான் விளையாட்டே.

கல்யாணப் பத்திரிகைகளின் முதுகில் வரைந்தேன்.
அட்டையில் வெட்டிய பெட்டிகளை விரலால் தள்ளினேன்.
எல்லாம் சரியாக வந்தது.
அட்டைக்குக் கொக்கி கிடையாதே.

பெரம்பூரில் குடியிருந்துகொண்டு
வெளிநாட்டிலிருந்தா எஞ்சின் வாங்குவாய் என்று
அலுவலகத்தில் சிரித்தார்கள்.
இங்கே செய்வது ஊரையே ஏற்றிப்போகும் பெட்டிகள்.
என்னுடையது கட்டைவிரல் நீளம்.

ஒசாகாவில் குரோய்வா என்றொரு கடைக்காரர்
மொழிபெயர்த்த தமிழில் எழுதினார்:
"இவ்வண்டி மெதுவாக நடப்பதில் மிகவும் பணிவுள்ளது."
அந்த ஒரு வரிக்காகப் பணம் கட்டினேன்.
யென்னை ரூபாயாக்கி, அனுப்பும் கூலி சேர்த்து,
தீர்வையும் போட்டு மூன்றாம் முறை கூட்டியபோது
எஞ்சினைவிட அதன் விலை நீளமாக இருந்தது.

இரண்டாவதை
ஸ்டுட்கார்ட்டிலிருந்து திரும்பிய ஃபெலிசிட்டா
காலுறைக்குள் சுருட்டிக் கொண்டுவந்தாள்.
அதன் கொக்கியும் இதன் கொக்கியும்
சம்பந்தி வீட்டார்போல முறைத்துக்கொள்கின்றன.

சுங்க கவுண்டரில் கேட்டார்கள்,
"பொம்மையா, மிஷினா?"
படிவத்தில் இரண்டு கட்டம்.
எனக்கு ஐம்பத்திரண்டு வயது.
பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.
பொம்மை என்று எழுதினேன்.
அதற்குத்தான் வரி அதிகமாம்.

அன்றிரவு விசிறியை நிறுத்திவிட்டு ஓட்டினேன்.
நிஜமாகவே பணிவு:
எறும்பு முந்திப்போகும் வேகத்தில்
மூன்று பெட்டியை இழுத்துக்கொண்டு
தடத்தின் கோடிக்குப் போய் நின்றது.
நின்ற பிறகு பார்த்தால்
கடைசிப் பெட்டியின் பின்சக்கரம்
பாயிண்ட்டின் நாக்கில்.
எட்டு மில்லிமீட்டர் போதவில்லை.

எங்கள் அடுக்ககத்தில் ஒன்பது வீடு,
தரைத்தளத்தில் ஆறு கார்,
ஒன்றன் வாலில் ஒன்று.
பல் டாக்டரின் கார் வெளியே போக
முதலில் என்னுடையது தெருவுக்கு,
அப்புறம் மாடிவீட்டு ஸ்விஃப்ட் ஒரு முழம் பின்னால்,
நடுவில் பால்காரரின் வண்டி.
மழைநாளில் தெரு தண்ணீரில் மூழ்கும்,
அன்றைக்குப் பின்வாங்க இடமே கிடையாது.
யார் சாவி எந்த ஆணியில் என்று
வாட்ச்மேன் செபஸ்தியானுக்கு மட்டும் தெரியும்.

தண்ணீர் கேன் வைக்க வந்தவர்
பலகையைப் பார்த்தபடி நின்றார்.
நான் விதி எதுவும் சொல்லவில்லை.
"அந்தப் பச்சை டப்பாவ மொதல்ல
ஓரமா நிறுத்துங்க சார்" என்றார்,
"அது எப்பவும் கடைசியாத்தான் கிளம்பும்."
கேனைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்று நாளாகப் பச்சையை ஓரமாகத்தான் நிறுத்துகிறேன்.
எட்டு மில்லிமீட்டர் இன்னும் பாக்கி.

காலை ஆறு பத்து. கீழேயிருந்து மணி.
டாக்டருக்கு விமானமாம்.
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
சாவியோடு கிளம்பும் முன்
ஈரத்துணியால் சாக்பீஸ் கோட்டை அழித்து
ஒரு நகக்கண் அளவு தள்ளிப் போட்டேன்.
மரகதவல்லிக்குத் தெரியாது.
பீரோவுக்குத் தெரியும்.