தொடர்ச்சி

வலது பின்னல் முன்னால், இடது முதுகில்.
மேல் பொத்தான் திறந்திருக்கிறது.
கையுறை ஒன்றுதான். மற்றது கோட்டுப் பையில்,
இரண்டு விரல் வெளியே தெரிய.

ஸ்லீன் நகரத்து ஸ்டுடியோவில் முப்பத்தொரு வருஷம்
இதை எழுதத்தான் எனக்குச் சம்பளம்.
நேற்று எடுத்ததற்கும் நாளை எடுக்கப்போவதற்கும் நடுவில்
யாரும் வாழவில்லை என்று
பார்க்கிறவர்களை நம்பவைக்க வேண்டும்.

க்வியேதாவுக்கு அப்போது ஏழு வயது.
ஷூ தொழிற்சாலையில் தோல் வெட்டுகிறவரின் மகள்.
வரிசையில் நின்ற நானூறு பிள்ளைகளில்
இவள் ஒருத்திதான் கேமராவைப் பார்க்காமல்
அதைத் தள்ளிவந்தவனின் காலைப் பார்த்தாள்.
"இது எங்கப்பா வெட்டின தோல்" என்றாள்.
எடுத்துக்கொண்டார்கள்.

படத்தில் அவள் பனியில் ஓடிவந்து
ஒரு மரவீட்டின் கதவைத் திறந்து உள்ளே போவாள்.
வெளிப்புறத்தைப் பிப்ரவரியில் எடுத்தோம், மலைச்சரிவில்.
செட்டுக்கு மரம் வந்து சேரவில்லை.
உட்புறம் அடுத்த ஜனவரியில், மூன்றாவது ஃப்ளோரில்.

இடையில் முன்பல் விழுந்துவிட்டது.
மருத்துவர் ஓத்தகார் பீங்கானில்
ஒரு பால்பல் செய்துகொடுத்தார்,
அரிசியைவிடச் சற்றே பெரிது.
ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்பும்
என் உள்ளங்கையிலிருந்து எடுத்து மாட்டிக்கொள்வாள்.
பல் சரி, என்று எழுதுவேன்.
அவள் வளர்ந்திருந்தாள். அதனால்
கதவை நான்கு விரல் பெரிதாகச் செய்தார்கள்.
உயரம் சரி.

இடையில் அவளுடைய அப்பாவும் இறந்திருந்தார்.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வாசலுக்கு வெளியே ஏழு, உள்ளே எட்டு.
திரையில் பார்த்தால்
ஒரே எட்டு.

படம் முடிந்ததும் பல்லுக்கு ஓர் எண் போட்டு
ஸ்டுடியோ சொத்து என்று வாங்கிவைத்துக்கொண்டார்கள்.
அந்தச் சிரிப்பைத்தான் போஸ்டரில் அடித்தார்கள்.

அப்புறம் நாலு படங்கள்.
பதின்மூன்றில் "முகம் நீண்டுவிட்டது" என்றார் இயக்குநர்,
சந்தையில் குதிரை பார்க்கிறவர் மாதிரி.
பத்தொன்பதில், ப்ராக்கில், ஒரு நர்ஸ்.
இரண்டு வரி வசனம்; படத்தொகுப்பில் ஒன்று போயிற்று.
பிறகு குரல் மட்டும்: அணில், நரிக்குட்டி,
ஒருமுறை ஒரு மேசைவிளக்கு.
அந்த விளக்கு அணைவதற்குமுன் ஒரு மூச்சு விடும்.
அவள் நடித்ததிலேயே அதுதான் ஆகச் சிறந்தது என்பேன்.
அதைப் பற்றி யாரும் எழுதவில்லை.
பிறகு டிவி தொடரில் தபால் நிலையத்துப் பெண்ணாக
ஒன்பது வருஷம் முத்திரை குத்தினாள்.
டிராமில் இன்றைக்கும் யாராவது கேட்பார்கள்:
"அந்தப் பல்லைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

போன இலையுதிர்காலத்தில் என் வீட்டுக்கு வந்தாள்.
மூன்று மாடி, மூச்சு வாங்கியது.
கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
"உன் நோட்டுகள் இருக்கா?"

இருந்தன, கட்டிலுக்கடியில், ஜாம் புட்டிகளுக்குப் பின்னால்.
தரையில் உட்கார்ந்து புரட்டினோம்.

பிப்ரவரி பதினேழு. ஷாட் நூற்றுப் பன்னிரண்டு.
முதல் டேக்: நாய் குரைத்தது.
இரண்டாவது: நடிப்பு மிக நன்று. ஆனால்
இடது ஓரம், பனிமேல், யாரோ பார்வையாளரின் நிழல்.
உதவாது.
மூன்றாவது: சரி.

"அன்னைக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார்" என்றாள்.
அவள் வீட்டில் அவருடைய புகைப்படம் இரண்டு.
அசைகிற மாதிரி எங்கும் எதுவும் இல்லை.

உதவாத சுருள்களை
வெள்ளிக்காக உருக்கிவிடுவார்கள்.
எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.
அதனால் சுருளைப் பற்றி அவள் கேட்கவில்லை.
என் கையெழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு
"நீளமா இருந்ததா, குட்டையா?" என்றாள்.

"காலை ஒன்பதரை, பிப்ரவரி வெயில்.
நீளமாகத்தான் இருந்திருக்கும்" என்றேன்.

எனக்கு நினைவில்லை.
மணி மட்டும்தான் எழுதியிருந்தது.