டப்பாக் காது

வேலையில் என் கையில் இருப்பது குட்டைக் கம்பி.
மூன்றாம் முனையம், ஆறாவது வரிசை.
கைகளை விரிக்கச் சொல்லி
அக்குளிலிருந்து கணுக்கால் வரை
தொடாமல் தடவுவேன்.
அது கத்தினால் எதிரில் நிற்பவர் முகம் மாறும்.
இடுப்புவார், மறந்துபோன சாவி,
முழங்காலுக்குள் வைத்த தகடு.
பதினோரு வருஷம்,
கத்தக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு
கத்துவதற்காகக் காத்திருக்கும் வேலை.

இப்போது நீளக் கம்பி ஒன்று வாங்கியிருக்கிறேன்.
கத்தட்டும்.

விற்றவன் ஸுல்ஹைரி.
தெம்பனீஸ் புளோக் ஒன்றின் கீழ்த்தளம்,
சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசையில்
இரண்டு கருவிகளைக் கிடத்தினான்.
மலிவானதைக் காட்டி, இது வேண்டாம் என்றான்.
காய்ந்த புல்லில் சாது,
ஈர மணலில் பைத்தியம்,
உப்புத் தண்ணீரையே இரும்பென்று எண்ணி அலறுமாம்.
தன் சரக்கைத் தானே பழித்து விற்பவனை
அன்றுதான் பார்த்தேன்.

பல அலைவரிசை கேட்பது நானூற்றைம்பது வெள்ளி.
வட்டு தண்ணீர் தாங்கும், பெட்டி தாங்காது,
முழங்காலுக்கு மேல் இறங்காதே.
மண்வெட்டி எதற்கு, துளைபோட்ட அகப்பை போதும்.
காதில் மாட்டுவதைச் சும்மா கொடுத்தான்,
தன் காது அழுக்கோடு.

கேட்க வேண்டியவர்களைக் கேட்டாயிற்று.
ஓய்வு நாள், நீர் வற்றும் நேரம்
காலை ஆறு நாற்பது,
சாங்கி கடற்கரை.
ஊஞ்சல் மாதிரி வீசினேன், ஒன்றுமில்லை.
வீட்டைப் பெருக்குவதுபோல் தாழ்த்தி,
மெதுவாக, போன தடத்தில் பாதியை மிதித்து.
அப்போது வந்தது முதல் ஒலி.
கூடார முளை.
இரண்டாவதும் கூடார முளை.
தலைக்கு மேல் சக்கரங்களை நீட்டிக்கொண்டு
ஒரு விமானம் இறங்கியது,
அதில் ஒருவர்கூட என்னிடம் வரப்போவதில்லை.

பிறகு பதிமூன்று.
திரையில் பதிமூன்று என்று எண் வந்தால்
கேன் மூடியில் இழுக்கிற அந்தக் காது.
அல்லது மோதிரம்.
இந்தப் பெட்டிக்கு இரண்டும் ஒன்று.
குப்பையை மறைக்க ஒரு பொத்தான் உண்டு.
அமுக்கினால் தங்கமும் சேர்ந்து மறையும் என்று
ஸுல்ஹைரி சொல்லித்தான் அனுப்பினான்.
அமுக்கினேன்.
அரை மணி நேரம் எவ்வளவு அமைதி!
அலை, மைனா, என் மூச்சு.
பிறகு மனசு கேட்காமல் விடுவித்தேன்.

காது. காது. காது.
குழியை மூடிவிட்டு அடுத்த காது.
மனிதர்கள் இந்தக் கடலோரத்தில்
இவ்வளவு தாகமாகவா இருந்தார்கள்?

வடக்கே நடந்தால் ஒரு நினைவுக் கல் வரும்.
போர்க்காலத்தில் இந்த மணலில்
வரிசையாக நிறுத்திச் சுடப்பட்டவர்களைப் பற்றி.
துருப்பிடித்துக் கூம்பாக, கனமாக ஏதாவது வந்தால்
தொடாதே, தள்ளிப்போய் போலீசைக் கூப்பிடு
என்பது எனக்குத் தெரியும், என் தொழில் அது.
அங்கே எதுவும் வரவில்லை.
எதுவும் வருவதற்கு முன்
கருவியை அணைத்துத் தோளில் சாய்த்துக்கொண்டேன்.
கல்லைத் தாண்டி வெகுதூரம் வரை
மீண்டும் போட மனம் வரவில்லை.

வீட்டில் கணக்கு:
காது இருபத்திரண்டு, முளை ஐந்து,
ஒரு தூண்டில் ஈயம்,
பழைய பத்துக் காசு ஒன்று.
தேய்த்ததில் கடல்குதிரை மட்டும் தெரிந்தது,
ஆண்டு தெரியவில்லை.
கடலுக்குள் இருந்து குதிரை வந்திருக்கிறது என்றேன்,
சோற்றுத் தட்டிலிருந்து யாரும் நிமிரவில்லை.

திங்கட்கிழமை, ஆறாவது வரிசை.
பெரியவர் ஒருவரின் சட்டைப் பையில் கத்தியது.
சிரித்துவிட்டேன்.
அவர் பயந்துபோய்ப் பையைத் துழாவி
மடித்து வைத்த ஒரு சாக்லேட் தாளை
இரண்டு விரலில் எடுத்துக் காட்டினார்.
பேத்தியுடையது என்றார்.
வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
எத்தனையாம் எண் காட்டியிருக்கும் இது
என்று யோசித்ததில்
அடுத்தவரைக் கூப்பிட மறந்துபோனேன்.