ஐந்நூறு கூட்டி

அடையாள அட்டை
அதிபரின் லாச்சியில் இரண்டு கிழமை கிடந்து,
ஷிப்னாவின் கணக்குக் கொப்பிக்குள் ஏறி,
ஒரு வெள்ளி பின்னேரம்
உவர்மலை ஏற்றத்தில் மூச்சிரைக்க
வீட்டுக்கு வந்தது.

"கொண்டு வந்ததுக்கு என்ன தருவாய்?"
"மோர்பின் இருக்கு. வேணுமா?"
சிரிக்கலாமா என்று அவள் அம்மாவைப் பார்த்தாள்.
அம்மா குசினிக்குள் போய்
ஏற்கெனவே கழுவின கோப்பையைக்
கழுவத் தொடங்கினாள்.
பிறகுதான் சிரித்தோம்.

படத்தில் என் தலை முட்டை.
ஸ்டூடியோக்காரர் மூன்று தரம் சொன்னவர்:
"முடி வளரட்டும் பிள்ளை, பிறகு எடுப்பம்."
"காது ரெண்டும் தெரியவேணும் எண்டுதானே சட்டம்.
இதைவிட எப்பிடித் தெரியும்?"
அவர் லைட்டைச் சரிசெய்தார்.
கனநேரம் சரிசெய்தார்.

இலக்கத்தை ஷிப்னா வாசித்துக் காட்டினாள்.
முதல் நாலும் பிறந்த ஆண்டு, 2008.
அடுத்த மூன்றும் ஆண்டில் எத்தனையாம் நாள்.
நான் பிறந்தது இருநூற்று முப்பத்து மூன்றாம் நாள்.
அட்டையில் எழுநூற்று முப்பத்து மூன்று.
"பொம்பிளைப் பிள்ளை எண்டா
ஐந்நூறு கூட்டுவினமடி."

ஐந்நூறு.
அன்றிரவு முழுக்க அதையே வைத்துக்கொண்டிருந்தேன்.
ஆட்பதிவுத் திணைக்களத்தில்
எந்தக் கதிரையில் இருப்பவர் கூட்டுகிறார்?
அவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதலாம்:
ஐயா, கூட்டியதை நாளாகத் தரவும்.
முழுதும் வேண்டாம்.
சந்தையில் அப்பா பாரை மீனுக்குக் கேட்பதுபோல்
நானும் இறங்கி வருவேன்.
முந்நூறு.
சரி, சாதாரண தரப் பெறுபேறு வரும்வரை.
சரி, ஷிப்னாவின் ராத்தாவின் கல்யாணம்வரை,
வட்டிலப்பம் தருவதாகச் சொல்லியிருக்கிறா.
சரி,
நோகாத ஒரு செவ்வாய்.

மகரகமவில் டொக்டர்
சிங்களத்தில் நாலு நிமிடம் கதைத்தார்.
பேனையை மூடிவிட்டுக் கதைத்தார்.
கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து
அப்பா அதைத் தமிழில் சொன்னார்:
"கொஞ்ச நாளைக்கு மருந்தை நிப்பாட்டுவினமாம்.
உடம்பு தேறட்டுமாம்."
நாலு நிமிடம் ஒரு மூச்சாகியிருந்தது.
நான் தலையாட்டினேன்.
இரவு பஸ்ஸில் கந்தளாய் தாண்டும்வரை
நித்திரைபோலக் கிடந்தேன்.
அப்பாவும் நித்திரைபோல.

மருந்து நின்றதும்
முடி வளரத் தொடங்கிவிட்டது.
அதற்கு யாரும் சொல்லவில்லைப் போல.
அரை அங்குலம், கறுப்பு,
அம்மாவின் உள்ளங்கைக்குக் குத்துமளவு.

ஞாயிறு, மான் பார்க்கவேண்டும் என்றேன்.
ஓட்டோவில், மடியில் தலையணையோடு.
கோட்டை வாசலில் ஒரு சிப்பாய் கை காட்டினான்.
என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும்,
மீசை இன்னும் முடிவெடுக்கவில்லை.
அப்பா தன் அட்டையை நீட்டினார்.
நான் என்னுடையதை நீட்டினேன்.
முதல் தரம்.
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் நீட்டினேன்.

படத்தைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
இது நீயா என்றான், சிங்களத்தில்.
அப்பா வாய் திறக்க முன்னம்
நான் சொன்னேன், அவனுடைய மொழியில்,
இலக்கணம் பிசகாமல்:
நான்தான். அது மருந்து எடுத்த காலம்.
இப்போது நிறுத்திவிட்டார்கள்.
இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லையாம்,
அதனால் முடி வளர்கிறது.

அவன் அட்டையை இரண்டு கையாலும் தந்தான்.

ஓட்டோ உள்ளே போனது.
ஆலமரத்தின் கீழ் ஒரு மான்
யாரோ எறிந்த லன்ச் ஷீட்டை மென்றுகொண்டிருந்தது.
அப்பா அதைப் பார்க்கவில்லை.
என் காதைப் பார்த்தார்,
இத்தனை நாளும் மூடியிருந்தது என்று
நம்பியவரைப்போல.

"ரெண்டாம் மொழியில எனக்கு
எண்பத்திரண்டு அப்பா," என்றேன்.
"நீங்கள்தானே ரிப்போர்ட்டில கையெழுத்து வைச்சனீங்கள்."

அவர் இறங்கிப் போய்
மானின் வாயிலிருந்து அந்தத் தாளை
மெல்ல இழுத்தார்.
மான் விடவில்லை.
அவரும் விடவில்லை.