படி

ஐம்பத்து நான்கு.
எண்ணியது நானல்ல, என் முழங்கால்.
ராயபுரத்தில் மூன்றாவது மாடி, சிமெண்ட் ஷீட் கூரை,
இரண்டு சன்னல்கள்.
ஒன்றைத் திறந்தால் பக்கத்து வீட்டு ரசம்.
மற்றது திறக்காது.

ஹாஸ்டல் காத்திருப்பில் நான் நாற்பத்தொன்று.
படிவங்களை வாங்கிக்கொண்டவர்
"டிசம்பர்ல பாக்கலாம்மா" என்றார், ஜூலையில்.
கட்டிய பணத்துக்கு ரசீது தந்தார்கள்:
பொற்செலவி.
ஒரு புள்ளி விழுந்துவிட்டால்
செல்வி செலவியாகிவிடுகிறாள்.
அன்றைய கணக்குக்கு அது சரியாகத்தான் இருந்தது.

திருவல்லிக்கேணியில் ஏழு வீடு பார்த்தேன்.
ஏழிலும் ஃபேன் போட்டு உட்காரச் சொன்னார்கள்,
தண்ணீர் கொடுத்தார்கள்.
ஆறு வீட்டில் பேச்சு
எந்த ஊர் என்று ஆரம்பித்து
ஊருக்குள்ள எந்தப் பக்கம் என்று வந்து நின்றது.
ஏழாவதில் நானே முந்திக்கொண்டு
தெருப்பெயரைச் சொல்லிவிட்டேன்.
டம்ளரைத் தேய்த்துக் கழுவும் சத்தம்
தெருமுனை வரைக்கும் கூடவே வந்தது.

பிலோமின் அக்கா
தையல் மெஷினிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டாள்:
"தண்ணி தூக்குவியா? மோட்டாரு மேல ஏத்தாது."
தூக்குவேன்.
"இன்னா படிக்கிற?"
எண்ணூர்க் கழிமுகத்தில், அக்கா,
ஆற்றுக்கு அடியில் படிகிறதே சேறு,
அதில் ஈயம் எவ்வளவு, பாதரசம் எவ்வளவு என்று...
மெஷின் நின்றது.
"சேத்தையா?"
இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
"ஏ டோரத்தி, இங்க வாயேன்,
சேறு படிக்கிற பொண்ணு வந்துக்கீது!"

டோரத்தி வந்தாள்,
பல் விளக்கியபடி ஒரு பையன் வந்தான்,
யாருடையதென்று தெரியாத ஒரு பூனை வந்தது.

பையன்தான் அரிசிச் சாக்கைத் தூக்கினான்.
முப்பதாவது படியில் சாக்கு பிரிந்து
வேதியியல் இரண்டு மாடி உருண்டது.
ஒன்றைப் பொறுக்கிப் புரட்டிப் பார்த்து
"படமே இல்லியே" என்றான் வருத்தமாக.
எனக்கும் அந்தக் குறை உண்டு என்றேன்.

இரவு அத்தோ வாங்கி நின்றபடி தின்றேன்,
வாழைத்தண்டு சூப்பில் நாக்கு வெந்தது.
அப்பா போனில் கேட்டார், கடல் தெரியுதா?
தெரியுதுப்பா.
தெரிந்தவை துறைமுகத்துக் கிரேன்கள்,
வடக்கே மணலிப் பக்கம்
அணைக்க மறந்ததுபோல் ஒரு தீ.
கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம்
பாயும் என்னோடு கொஞ்சம் நகர்ந்தது.
கதவைத் தாழிட்டேனா என்று
மூன்று முறை எழுந்து பார்த்தேன்.
அழுதேனா என்று கேட்காதீர்கள்,
புழுக்கத்தில் எது எதுவென்று தெரியவில்லை.

நாலு மணிக்குக் கீழிருந்து கூப்பாடு:
"சேத்துப் பொண்ணே! லாரி!"

குடம் இல்லை என்னிடம்.
டோரத்தி ஒன்றை நீட்டினாள், சாயம் போன ரோஸ்,
கழுத்தில் நகப்பாலிஷால் 3 என்று எழுதி
இன்னும் காயவில்லை.
வரிசையில் எனக்கு முன்னால் பதினேழு குடம்,
எனக்குப் பின்னால் வந்தவள் அதட்டினாள்:
"நவுருமா, இன்னா வேடிக்கை."
முதல் நடையில் பாதி படிக்கட்டுக்கு.
இரண்டாவதில் கால்வாசி.
மூன்றாவது நடையில்
இடுப்புக்கும் குடத்துக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது.

விடிந்து வெளிச்சம் உள்ளே விழுந்தபோது
குடத்தின் அடியில்
தேநீர் நிறத்தில் மெல்லிய ஒரு படிவு.
தொட்டேன்.
விரல்ரேகையில் ஏறிக்கொண்டது.

பதிவெண் இன்னும் வரவில்லை.
வழிகாட்டி திங்கட்கிழமைதான் வருவார்.
ஆய்வகச் சாவிக்கு இன்னொரு படிவம் இருக்கிறதாம்.

நோட்டைப் பிரித்து முதல் பக்கத்தில் எழுதினேன்:

மாதிரி எண்: 1
இடம்: ராயபுரம், மூன்றாம் மாடி
ஆழம்: ஒரு குடம்
எடுத்தவர்: பொற்செல்வி.

புள்ளியைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தேன்.