கேற் வால்வு

இரண்டு மணி பத்து.
தயாபரனின் குளியலறை
என் குழல்விளக்கின் வழியாக
என் கட்டிலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

முதலில் மெயின் சுவிற்சை விழுத்தினேன்.
பிறகு அரிசி வாளியை நகர்த்தினேன்.
பிறகுதான் கத்தினேன்.

டைக் வீதியில் எட்டு வீட்டு மாடி இது.
யார் வீட்டில் என்ன மீன் பொரிகிறது,
யாருடைய நகை எந்த வங்கியில் கிடக்கிறது,
எல்லாம் எல்லோருக்கும் தெரியும்.
தண்ணியை எங்கே நிறுத்துவது என்று மட்டும்
ஒருவருக்கும் தெரியவில்லை.
சாரங்களும் நைற்றிகளும் படிகளில் நின்று
ஒன்றையொன்று கேட்டன.
வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை.
நீர்ச்சபை இலக்கத்தில் ஒரு பெண்குரல்
மூன்று மொழியிலும் காத்திருக்கச் சொன்னது.

எனக்குத் தெரியும்.

மார்கழியில், உப்புவெளி விடுதிக்கு ஆள் வராமல்
சம்பளம் நின்ற இரண்டாவது மாதம்,
படிக்கட்டுக்குக் கீழே குந்தியிருந்து
சீமெந்துப் பலகையைக் கிளப்பி
என் தண்ணியை வெட்டியவர் தயாபரன்.
மீற்றர் வாசிப்பவர். நிலுவைக்கு வெட்டுபவர்.
என் தலைக்கு மேலே குடியிருப்பவர்.
"ஓடர், தங்கச்சி. நான் என்ன செய்ய" என்றார்,
கண்ணை மீற்றரிலேயே வைத்துக்கொண்டு.
நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.
வெட்டப்படுகிறவள் நன்றாகப் பார்ப்பாள்.
பலகை எது, எதைத் திருகினால் எது சாகும்.
பதினாறு நாள் ரிஸ்னா வீட்டிலிருந்து
வாளி வாளியாய்ச் சுமந்தபோது
அந்தப் பலகையைத் தாண்டித்தான் ஏறினேன்.

இன்றைக்கு அதன்மேல் ஒரு மோட்டார் சைக்கிள்.
தள்ளினோம். கிளப்பினோம்.
கரப்பான், ஈரமணல், எட்டு மீற்றர்.
ஏழு உறங்க, ஒன்றில் மட்டும்
சிவப்புச் சக்கரம் பைத்தியமாய்ச் சுற்றியது.
அதை மூட சபையின் சாவி வேண்டும்.
சாவிப்பை கந்தோரில்.
எட்டுக்கும் முன்னால் தடித்த ஒரு பித்தளைத் தலை,
கடற்காற்றில் பச்சை பிடித்து.
துவாயைச் சுற்றித் திருகினேன். அசையவில்லை.
சஹருக்கு உலை வைத்த கையோடு வந்த ரிஸ்னா
தேங்காயெண்ணெய் ஊற்றினாள்.
மூன்றாம் முறை கிழட்டு நாய்போல முனகி
அது வழிக்கு வந்தது.
சக்கரம் நின்றது.

என் கட்டிலில் மழை நிற்கவில்லை.

"தாங்கி" என்றார் தயாபரன்.
அதுதான் அவர் பேசிய முதற்சொல்.
முழங்கால்வரை நனைந்த சாரம்.
"மேலே ஏறினது முழுக்க இறங்கித்தானே முடியும்.
மேலயும் போய்ப் பூட்டவேணும்."

மொட்டைமாடியில் எட்டுக் கறுப்புத் தாங்கிகள்.
அவருடையது மூடியில்லாதது.
அவர் ரோச் பிடித்தார். நான் பூட்டினேன்.
தூரத்தில் ஒரு கோதுமைக் கப்பல்
எல்லா விளக்கும் எரிய நின்றது,
கரண்டு பில் இல்லாத வீடுபோல.
"எத்தினையைப் பூட்டியிருப்பன் இந்த ரவுனில்.
பூட்டிப்போட்டு சைக்கிளில ஏறிடுவன்.
பிறகு அந்த வீடு எப்பிடிக் கிடக்குமெண்டு..."
அவர் முடிக்கவில்லை.
நானும் முடித்துக் கொடுக்கவில்லை.
பதினாறு நாளும் இன்னும் தோளில் இருந்தது.

இறங்கி வந்து பித்தளைத் தலையைத் திரும்பத் திறந்தேன்.
ஆக இப்போது எட்டில்
ஒரு வீடு மட்டும் காய்ந்தது.

வாசலில் ஒரு மான்,
கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தது,
கொம்பில் யாரோ போட்ட சொப்பிங் பை.
படியால் வழிந்து தேங்கியதைக்
குனிந்து குடித்துக்கொண்டிருந்தது.
"அது உங்கட மீற்றரில ஓடினது" என்றேன்.
சிரித்தாரோ தெரியாது. ரோச் நிலத்தைப் பார்த்தது.

ஐந்தரைக்குக் கதவு தட்டுப்பட்டது.
ஒரு நீல வாளி. அதன் பின்னால் தயாபரன்.
பிளம்பர் கிண்ணியாவிலிருந்து வர
பத்து மணியாகுமாம்.

வாளியை வாங்கிப் பைப்பின் கீழே வைத்தேன்.
நிறைத்துத்தான் கொடுத்தேன்.
பைப்பை முழுதாகத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.
அவர் வாசலில் நின்று
கேட்டுக்கொண்டிருந்தார்.