மீற்றருக்குத் தெரியாத ஏழு

றிம் பழையதேதான், வாகனத்தோடு வந்தது.
விட்டம் பதினைந்து அங்குலம், அகலம் ஏழு.
"ஏழு காணும் அக்கா, மட்டுமட்டாக் காணும்"
என்றான் தர்மிலன்,
றிம்மின் உதட்டை விரலால் தடவியபடி.
மாங்குளம் சந்திக்கு அரைக்கட்டை தள்ளி
அவனுடைய தகரக் கொட்டில்.
வெளியே கார்த்திகை மழை
பெய்வதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

புது ரயர் நாலும் சுவரில் சாய்ந்து நின்றன,
மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டர்மார் போல
நெஞ்சை நிமிர்த்தி,
ரப்பர் மயிர் இன்னும் உதிராமல்.
முப்பத்தொன்று.
ஐந்தாவது வாங்கக் காசில்லை.
ஸ்பெயார் வீல் பழைய அளவிலேயே
முதுகில் தொங்கட்டும் என்று விட்டேன்.

சவர்க்காரத் தண்ணீர் பூசி, காற்றை ஏற்றினான்.
ரயரின் விளிம்பு றிம்மில் போய்க் குந்தும்போது
ஒரு சத்தம் வரும். இரண்டு தரம் வரும்.
எதிர்க் கடையில் தேத்தண்ணி குடித்தவர்
சட்டென்று குனிந்தார்,
பிறகு செருப்பு வாரைச் சரிசெய்தார்.
அவர் போட்டிருந்த செருப்பில் வார் இல்லை.
தர்மிலன் அடுத்த ரயரை
இன்னும் மெதுவாக ஏற்றினான்.

"முழுசா ஒடியுங்கோ."
ஒடித்தேன்.
உர்ர்ர் என்று மட்கார்ட்டில் உரஞ்சியது.
கத்தியால் பிளாஸ்ரிக்கைச் சீவினான்,
மாங்காயில் காம்பு வெட்டுவது போலச் சாய்வாக.
மறுபடி ஒடித்தேன். இப்போது சத்தமில்லை.
ஒரு அங்குலம் உயர்ந்து வீட்டுக்குப் போனேன்.

சுரி அதன் பிறகு வேறு பாஷை பேசியது.
அம்பகாமம் றோட்டில், லொறி கிழித்த தடத்தில்
வயிறு தட்டாமல் போனோம்.
பக்கத்தில் மிருக வைத்தியர் துஷ்யந்தினி,
கால்களுக்கிடையில் நைதரசன் கான்.
அதற்குள்ளே எங்கோ ஒரு காளையின்
உறைந்துபோன நாளைகள்.
பசு சினைக்குக் கத்தினால்
ஒரு பகலும் கொஞ்ச இரவும்தான் கிடைக்கும்.
குளம் வான் பாயுதா, பாலம் உடைஞ்சுதா
என்று அது கேட்பதில்லை.
கத்தும். நாங்கள் போவோம்.

ஒருநாள் வவுனியாப் பக்கம் போகையில்
சும்மா கட்டைகளை எண்ணினேன்.
மீற்றரில் ஐம்பது.
றோட்டில் ஐம்பத்து மூன்றரை.
திரும்பி வரும்போதும் அப்படியே.
பெரிய ரயர் ஒரு சுற்றில் கூட நிலம் தாண்டுகிறது;
மீற்றரோ சுற்றைத்தான் எண்ணுகிறது,
நிலத்தை அல்ல.
நூறுக்கு ஏழு.
எனக்குக் கூலி கிலோமீற்றர்க் கணக்கில்.

முல்லைத்தீவுக் கந்தோரில்
கணக்குப் பிள்ளை பிறின்சியா
பேனையை வைத்துவிட்டுக் கேட்டாள், கோபமில்லாமல்:
"மீற்றர் சொல்லுறதுதான் அக்கா கணக்கு.
மற்றதுக்கு என்ன ஆதாரம்?"
இந்தக் கேள்விக்கு வேறு யன்னல்களில்
வருடக்கணக்காய் நின்றவர்களை எனக்குத் தெரியும்.
பக்கத்து வரிசையில் ஒருத்தி
பிளாஸ்ரிக் உறையில் படத்தோடு நின்றாள்.
நான் ரயர் விஷயமாகத்தான் வந்தேன்.
கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன்.

ரயரைக் கழற்றலாம்.
கழற்றினால் கூலி சரி, சுரியில் வாகனம் நிற்கும்.
தர்மிலன் சொன்னான்,
மீற்றரைத் திருத்தவும் ஆள் இருக்காம், கொழும்பிலே.
அதற்கு அவர் கேட்கிற காசுக்கு
ஸ்பெயார் ரயரே வாங்கிவிடலாம்.

அன்று தொடக்கம்
லொக் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறேன்.
இன்று நாலு. இன்று இரண்டரை.
இன்று ஒன்பது; முத்தையன்கட்டில் இரட்டைக் கன்று.
தை பிறந்தபோது கூட்டிப் பார்த்தேன்.
இருநூற்றுப் பதினொன்று.
இங்கிருந்து யாழ்ப்பாணம் போய்,
ஒரு ஐஸ்கிறீம் குடித்து,
ஆறுதலாய்த் திரும்பி வரும் தூரம்.

நான் போகவில்லை.
ஆனால் ஓடியிருக்கிறேன்.