பிள்ளைக்காம்பரா, கொளப்பள்ளி

ஏழரைச் சங்குக்கு முன்பே வந்து நின்றாள் சால்கி.
முதுகுத் தூளியில் பிள்ளை,
உள்ளங்கையில் வேர்த்து நனைந்த பத்து ரூபாய்.
காசு வேண்டாம்மா என்றேன்.
இடுப்பிலிருந்து இன்னொரு பத்தை எடுத்தாள்.

காசில்லை என்பதை எப்படிக் கையால் சொல்வது?
இரண்டு கையையும் விரித்தேன்.
இடமில்லை என்று எடுத்துக்கொண்டு
மழைக்குள் இறங்கிவிட்டாள்.
ஓடிப்போய்த் தூளியோடு பிடித்து நிறுத்தினேன்.

அதுவரை ஒரு மாசம்
பன்னிரண்டாம் நம்பர் காட்டில்
தேயிலைத் தூருக்கடியில் உரச்சாக்கில் கிடந்திருக்கிறது,
அட்டை ஏறாமல் இருக்கக்
காலில் புகையிலைத் தண்ணி தடவி.
யானை வந்த அன்று எல்லோரும் ரோட்டுக்கு ஓட
இவள் மட்டும் யானை இருந்த பக்கம் ஓடினாளாம்.
அதற்கப்புறம்தான் யாரோ கை காட்டியிருக்கிறார்கள்:
தகரக் கூரை, நீலக் கதவு, ஓசி.

ஓசி.
கேன்டீனில் வடையோடு சேர்த்து மெல்லுகிறார்கள் அந்தச் சொல்லை.
வடக்கேயிருந்து வந்ததுக்கெல்லாம் ஓசிப் பாலு, ஓசி முட்டை.
சொல்கிறவரின் அப்பாவும் என் அப்பாவும்
தலைமன்னாரில் ஒரே கப்பல் ஏறியவர்கள்.
சிலோன்காரன் வந்துட்டான் நம்ம வேலையைத் தின்ன என்று
இதே பஜாரில் கேட்டுக்கொண்டே
அரிசி வாங்கியவர்கள்.
வாசல் போர்டில் குழந்தைகள் காப்பகம் என்றிருக்கிறது.
பிள்ளைக்காம்பரா என்கிற சொல்
அந்த டிரங்குப் பெட்டியில் வந்தது.
நான் வாடையைக் கீழே வைத்துவிட்டு, சரி,
வடையைத்தான், எழுந்து வந்துவிட்டேன்.

பதிவேட்டில் பெயர்: எத்வாரி.
ஞாயிற்றுக்கிழமை பிறந்தவளாம்.
தாய்மொழிக் கட்டத்தில்
ஆபீஸ் பையன் யாரையும் கேட்காமல் எழுதினான்: இந்தி.

முதல் நாள் பூராவும் அழுதாள்.
அம்ம்... அம்ம்...
வருவா தங்கம், நாலு மணிக்கு அம்மா வருவா.
ஜன்னலுக்குத் தூக்கிக் காட்டினேன்,
எதிர்ச்சரிவில் முப்பது பிளாஸ்டிக் கோட்டுகளில்
ஏதோ ஒரு மஞ்சள் புள்ளியை.
அதோ பார் அம்மா.
பார்த்தாள். இன்னும் பலமாக அழுதாள்.
பாலைத் தட்டிவிட்டாள்.
இரண்டாம் நாள் குரல் கட்டிப்போனது.
ஜன்னலுக்கும் தொட்டிலுக்குமாய் நானும்
அன்றைக்கு ஒரு பத்து மைல் நடந்திருப்பேன்.

மூன்றாம் நாள் மிதுன்ராஜ்
தண்ணி குடித்துக்கொண்டிருந்த டம்ளரைப் பிடுங்கினாள்.
அவன் விடவில்லை. கடித்தாள்.
விட்டான்.
மொத்தமும் குடித்து, வாயைத் துடைத்து,
இவ்வளவு மக்குப் பொம்பளையா என்பது போல
டம்ளரை என்னிடம் தூக்கிக் காட்டிச் சொன்னாள்:
அம்ம்.

சாயந்திரம் சால்கியைக் குழாயடிக்கு இழுத்துப் போனேன்.
திறந்துவிட்டு, அம்ம்? என்றேன்.
அம்ம் என்றாள். சிரித்தாள்.
தன் நெஞ்சைத் தொட்டு, அயோ என்றாள்.
அவர்கள் ஊரில் அம்மாவுக்குப் பெயர்
நாம் அடிபட்டால் சொல்வது.
மிதுன் கையைக் காட்டினேன், நாலு தடம்.
மகளின் வாயைப் பிளந்து அதட்டினாள்,
அதில் ஒரு சொல் பல்ல்.
எங்கள் வீட்டுப் பல்லேதான்.
எந்தக் காலத்தில், எந்த வழியாக என்று
கேட்க எங்கள் இருவருக்கும் பாஷை இல்லை.
கட்டத்தில் இந்தியை அடித்து குரூக் என்று எழுதினேன்.
ஆபீஸ் பையன் அது என்ன ஊர் என்றான்.

பத்து ரூபாய் இப்போதும் வருகிறது,
எத்வாரி கையில், கசங்கி. திருப்பிக் கட்டியனுப்புகிறேன்.
நேற்று மிதுனின் அம்மா சண்டைக்கு வந்தாள்,
என் புள்ள வீட்டுல தண்ணிய அம்முங்கிறான்,
இதுக்கா இங்க விடுறேன் என்று.
உள்ளே எதுவோ அழுதது.
ஒரு கையில் டம்ளரோடு ஜன்னலையும் பார்த்தபடி
போய்க்கொண்டிருந்தேன், பதில் சொல்லாமல்.